மேலே 60 பிள்ளைகள், இறங்க ஒரே படிக்கட்டு

கேள்வி: வணக்கம் சார். ஈரோட்டில் என் மாமனார் முப்பது வருடத்துக்கு முன் கட்டிய கட்டடம் எங்களுடையது. தளம் 1,200 சதுர அடி. கீழே ஜவுளிக்கடை, 12 அடி உயரம். முதல் மாடியில் டியூஷன் சென்டர். சாயங்காலம் 60 பிள்ளைகள் வரை இருப்பார்கள். இரண்டாம் மாடியில் நாங்கள், 78 வயது மாமியாரோடு. எல்லோருக்கும் முன்பக்கம் ஒரே படிக்கட்டு, அகலம் 3 அடி. அதற்கு அடியில் ஈ.பி. மீட்டர்கள், இரண்டு பைக், ஒரு மின் ஸ்கூட்டர். ராத்திரி கீழே கிரில் கேட்டைப் பூட்டிவிடுவோம். ஒரு பையனின் அப்பா "தீ பிடித்தால் இவர்கள் எப்படி இறங்குவார்கள்?" என்று கேட்டதிலிருந்து டியூஷன் நடத்துகிறவர் இன்னொரு படிக்கட்டு கேட்கிறார். வெல்டிங் பட்டறைக்காரர் பின்பக்கம் நாலரை அடி விட்டத்தில் சுழல் படிக்கட்டு போட்டுத் தருகிறேன் என்கிறார். என் தம்பி, "லிஃப்ட் வைத்துவிடு அக்கா, அத்தைக்கும் ஆகும்" என்கிறான். அத்தை போன மாதம் மாடிக்கு வரும் கடைசிப் படியில் தடுக்கி விழப் பார்த்தார். மாடியில் டைல்ஸ் போட்டதிலிருந்தே அந்த இடத்தில் எல்லோருக்கும் தட்டுகிறது. பின்பக்கம் 9 அடிக்கு 28 அடி இடம் காலி. அங்கிருந்து தெருவுக்கு வர 3 அடிச் சந்து ஒன்று உண்டு. எது சரி? சட்டப்படி இன்னொரு படிக்கட்டு கட்டாயமா?
- வாசகி, ஈரோடு

பதில்:

வணக்கம் அம்மா. சுழல் படிக்கட்டு வேண்டாம். லிஃப்டை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பின்பக்க இடத்தில் திருப்பம் வைத்த இரும்புப் படிக்கட்டு ஒன்று தாராளமாக வரும். அளவுகளைக் கீழே தருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது நீங்கள் கேள்வியாகக் கேட்காத வரிதான்: படிக்கட்டுக்கு அடியில் மீட்டர், பைக், மின் ஸ்கூட்டர். புதுப் படிக்கட்டு வர மாதக்கணக்கில் ஆகும். இதுவோ இந்த வாரமே ஆக வேண்டிய வேலை. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தீ விபத்துகளில் உயிரை எடுப்பது பெரும்பாலும் நெருப்பு அல்ல, புகை. சூடான புகை மேலேதான் போகும். மூடிய கட்டடத்துக்குள் அது மேலே போக இருக்கும் பெரிய ஓட்டை எது? படிக்கட்டுதான். பைக் சீட்டில் இருக்கும் ஸ்பான்ஞ், டயர், வயரின் பிளாஸ்டிக் உறை எல்லாம் எரிந்தால் வருவது விறகுப் புகை மாதிரி இருக்காது. கன்னங்கரேலென்று கார்பன் மோனாக்சைடோடு வரும். சில மூச்சு இழுத்தாலே ஆள் நிலைகுலைந்து போவார். கீழே மீட்டர் பலகையில் ஒரு லூஸ் கனெக்ஷன் தீப்பொறி விட்டு, பக்கத்தில் இருக்கும் பைக்கின் பெட்ரோலில் பற்றினால், உங்கள் படிக்கட்டு அந்த நிமிடமே புகைபோக்கி ஆகிவிடும். அதன் மேல் முனையில் பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழே மின் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே தங்கும் விடுதி. கீழே பிடித்த தீயின் புகை படிக்கட்டு வழியே ஏறியதில் 8 பேர் இறந்து போனார்கள். 2025 மே மாதம் ஹைதராபாத்தில் சார்மினார் பக்கம் குல்சார் ஹவுஸில் நடந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்: கீழே கடைகள், மேலே குடும்பம், ஒடுங்கிய ஒரே படிக்கட்டு, 17 பேர். உங்கள் கட்டடத்தின் அமைப்பும் ஏறக்குறைய அதுதான்.

எனவே பைக்குகள் வெளியே போகட்டும். மின் ஸ்கூட்டரைப் படிக்கட்டுப் பக்கத்தில் நிறுத்தவே கூடாது, சார்ஜ் போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். லித்தியம் பேட்டரி ஒருமுறை சூடேறிப் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் சுலபத்தில் அடங்காது. அணைந்தது போல இருந்து மறுபடி பிடிக்கும். மழைக்கு ஒரு தகரம் போட்டுத் திறந்தவெளியில், கதவு ஜன்னலை விட்டுத் தள்ளி இடம் பாருங்கள். மீட்டர் பலகையைத் தெருப்பக்க வெளிச்சுவருக்கு மாற்ற மின் வாரியத்தில் மீட்டர் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் நடக்கிற காரியம். மாற்றும்போதே முப்பது வருடத்து மெயின் வயரையும் மாற்றிவிடுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது: படிக்கட்டுக் கூண்டுக்குள் மின் பலகையோ எரிவாயுக் குழாயோ கூடாது, படிக்கு அடியில் சாமான் அறையும் கூடாது. நம் ஊரில் படிக்கு அடியில் ஒரு அடி இடத்தையும் வீணாக்காமல் அலமாரி, மோட்டார், பழைய பேப்பர், கேஸ் சிலிண்டர் என்று நிரப்புவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று பேர் வாங்கியிருக்கிறது.

அடுத்தது கிரில் கேட். ராத்திரி பூட்டுவதைக் குறை சொல்ல முடியாது, திருட்டுப் பயம் எல்லோருக்கும் உண்டு. சாவி எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி. புகையில் கரண்ட் போய்விடும்; இருட்டில் சாவிக்கொத்தைத் தேடி, அதில் சரியான சாவியைத் தேடி, நடுங்கும் கையால் பூட்டைத் தேட வேண்டும். உள்ளிருந்து சாவி இல்லாமல் கையால் திருகினாலே திறக்கும் பூட்டு ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. வெளியிலிருந்து கையை விட்டுத் திருக முடியாதபடி பூட்டைச் சுற்றி ஒரு தகடு வெல்டிங் வைத்தால் போதும். மொட்டை மாடிக் கதவுக்கும் இதே மாதிரி. டியூஷன் நேரத்தில் கேட் விரியத் திறந்தே இருக்க வேண்டும், பாதி சாத்தி வைக்கிற பழக்கம் வேண்டாம்.

ஜவுளிக்கடையிலிருந்து படிக்கட்டுப் பக்கம் கதவு ஏதாவது இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. பல கடைகளில் ஷட்டர் போட்ட பிறகு முதலாளி வெளியே வர வசதியாக ஒரு சின்னக் கதவு படிக்கட்டுக்குள் திறக்கும். இருந்தால் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிடுங்கள். துணி நிறைந்த கடைக்கும் பிள்ளைகள் இறங்கும் வழிக்கும் நடுவில் முழுச் சுவர் இருக்க வேண்டும், ஏ.சி. பைப், கேபிள் போன ஓட்டைகளும் சேர்த்துத்தான். மேலே மொட்டை மாடி ஹெட்ரூமில், அதாவது படிக்கட்டு முடிகிற சின்ன அறையில், கண்ணாடி பதித்து அடைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு நிரந்தரமாகத் திறந்திருக்கும் காற்றுப்பலகை (சாய்வான பட்டைகள் வைத்த திறப்பு) வையுங்கள். புறாவுக்கு வலை கட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிச்சுவரில் அரை சதுர மீட்டராவது திறப்பு இருந்தால் புகை வெளியேற வழி கிடைக்கும்.

சரி, உங்கள் அத்தை தடுக்கிய படிக்கு வருகிறேன். நீங்களே காரணத்தையும் எழுதியிருக்கிறீர்கள், கவனிக்கவில்லை. பழைய மொசைக்கை எடுக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். கலவையும் டைல்ஸும் சேர்ந்து மாடித் தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்திருக்கும். படிகள் பழைய இடத்திலேயே இருக்கும். ஆக, கடைசி ரைசர், அதாவது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் உயரம், மட்டும் மற்றவற்றைவிட ஒன்றரை அங்குலம் அதிகம். படி ஏறும்போது யாரும் ஒவ்வொரு படியையும் பார்த்து ஏறுவதில்லை. இரண்டு மூன்று படியிலேயே கால் அந்த உயரத்தைப் பழகிக்கொண்டு, அப்புறம் அதே அளவுதான் தூக்கும். உயரம் மாறுகிற இடத்தில் கண்டிப்பாகத் தட்டும், வயசானவர் என்பதால் அல்ல. பகலில் நிதானமாக ஏறும்போதே இப்படி என்றால், 60 பிள்ளைகள் இருட்டில் இறங்கும்போது ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அவர் மேல்தான் விழுவார்கள்.

ஒரு டேப்பை எடுத்து ஒவ்வொரு ரைசரையும் அளந்து எழுதுங்கள். அடுத்தடுத்த படிகளுக்குள் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் கொத்தனாரைத் திரும்பக் கூப்பிடுவேன். உங்கள் படிக்கட்டுக்கு வழி: மாடித் தரை எவ்வளவு உயர்ந்ததோ அதே கனத்துக்கு எல்லாப் படியின் மேலும், நடுத் திருப்பத்திலும், அடியில் தெருத்தளத் தரையிலும் கல் பதிப்பது. எல்லாம் ஒரே அளவு உயர்ந்தால் ரைசர்கள் பழையபடி சமமாகிவிடும். பாலிஷ் போட்ட கிரானைட் வேண்டாம், சொரசொரப்பான கல்லாக, முனையில் கோடு வெட்டியதாக வாங்குங்கள். தலைக்கு மேல் உயரம் 2.2 மீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். படி ஒற்றைப்படையில் வர வேண்டும், லாபத்தில் முடிய வேண்டும் என்று வேலை முடிகிற நேரத்தில் ஒரு படியைச் சேர்ப்பதும் குறைப்பதும் நடக்கிறது. ஒற்றைப்படை வேண்டுமா, தாராளமாக வையுங்கள். ஆனால் வரைபடத்திலேயே மொத்த உயரத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். 10 அடியை 19 ஆல் வகுத்தால் 16 செ.மீ., 21 ஆல் வகுத்தால் 14.5 செ.மீ. இரண்டுமே நல்ல படிதான். கடைசியில் நாலு அங்குலத்துக்கு ஒரு குட்டிப் படியைச் செருகுவதுதான் தப்பு. ரைசரை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் 60 செ.மீ.யை ஒட்டி வர வேண்டும் என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் பொய்த்ததில்லை. வீட்டுக்கு விதி தருவது ரைசர் அதிகபட்சம் 19 செ.மீ., கால் வைக்கும் அகலம் குறைந்தது 25 செ.மீ. பள்ளி, கடை மாதிரி நாலு பேர் புழங்கும் கட்டடத்துக்கு 15 செ.மீ.யும் 30 செ.மீ.யும். இதைச் சொல்லக் காரணம் உண்டு: 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனே அனுமதி கிடைத்துவிடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் படிக்கட்டைப் பார்த்துக் கேள்வி கேட்க ஒரு அதிகாரி வருவார் என்று இனி எதிர்பார்க்க முடியாது. அந்த வேலையும் வீட்டுக்காரர் தலையில்தான்.

இனி அகலம். உங்களுடையது 3 அடி, அதாவது 90 செ.மீ.யை ஒட்டி. வீட்டுக்கே குறைந்தது 1 மீட்டர் வேண்டும். பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு 1.5 மீட்டர். இருக்கிற படிக்கட்டை அகலப்படுத்த முடியாது, இரண்டு பக்கச் சுவருக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் காலத்துப் படிக்கட்டுகளில் இரண்டு ஏற்றங்களுக்கும் (திருப்பத்துக்கு முன்னும் பின்னும் வரும் படிவரிசைகள்) நடுவில் நாலரை அங்குலச் செங்கல் சுவரையே கைப்பிடியாகக் கட்டி வைத்திருப்பார்கள். உங்களுடையதும் அப்படியானால், அது பாரம் தாங்கவில்லை என்று ஒரு இன்ஜினியரை வைத்து உறுதி செய்துகொண்டு எடுத்துவிட்டு, ஓரத்தில் இரும்புக் கம்பிக் கைப்பிடி வைத்தால் மூன்று, நாலு அங்குலம் கிடைக்கும். அப்படியே 1 மீட்டரைத் தொட்டுவிடலாம். செருப்பு ஸ்டாண்டையும் எடுத்துவிடுங்கள். 60 ஜோடிச் செருப்பு படியில் கிடப்பதைப் பல டியூஷன் சென்டர்களில் பார்க்கிறேன். ஒன்றில் கால் இடறினால் போதும்.

சட்டப்படி கட்டாயமா என்று கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன். தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2019 ஆம் வருடத்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். தீப்பாதுகாப்புக்கு அது தேசியக் கட்டட விதித்தொகுப்பைக் கைகாட்டுகிறது. இரண்டு படிக்கட்டு என்று வெகுநாளாக அதில் இருக்கும் வரி 15 மீட்டர் உயரமும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களையும், கல்வி நிலையம், கூடம் போன்றவற்றில் தளம் 500 சதுர மீட்டரைத் தாண்டுகிறவற்றையும் குறித்துப் பேசுகிறது. உங்கள் தளம் 111 சதுர மீட்டர்தான், உயரமும் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு "எங்களுக்குப் பொருந்தாது" என்று வாதாட ஒரு வக்கீலால் முடியும்.

ஆனால் உங்கள் சிக்கல் அந்த வரியில் இல்லை, கட்டடத்தின் பயன்பாட்டில் இருக்கிறது. உங்கள் மாமனார் வாங்கிய அனுமதி கடைக்கும் வீட்டுக்கும்தானே? முதல் மாடியில் 60 பிள்ளைகள் உட்கார்ந்த நாளிலிருந்து அந்தத் தளம் வீடு இல்லை. அகலம், படியின் அளவு, கதவு எல்லாவற்றுக்கும் விதியில் வேறு அளவுகள் பொருந்த ஆரம்பித்துவிட்டன. வெளியேறும் வழியைக் கணக்கிட விதி கல்விக்கூடத்தில் ஒருவருக்கு 4 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் தளத்துக்கு 28 பேர். அது உச்சவரம்பு அல்ல. உண்மையில் அதிகம் பேர் இருந்தால் அந்த எண்ணிக்கைக்குத் தகுந்த வழி வேண்டும் என்பதே பொருள். நீங்கள் அதைப் போல இரண்டு மடங்கு வைத்திருக்கிறீர்கள், வழியோ வீட்டுக்கே போதாதது. 1965 ஆம் வருடத்துப் பொதுக் கட்டட உரிமச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. பள்ளி, விடுதி நடத்துகிறவர்கள் தாசில்தாரிடம் வாங்குகிற கட்டட உரிமம் அதன்படிதான். உங்கள் வாடகைதாரருக்கு அது பொருந்துமா, தீயணைப்புத் துறையின் சான்று தேவையா என்பதை அவரே எழுத்தில் கேட்டு வாங்கி உங்களுக்கு நகல் தரட்டும். ஒப்பந்தத்திலும் அதை ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். ஏதாவது நடந்தால் அவரோடு கட்டட உரிமையாளரையும் சேர்த்துத்தான் விசாரிப்பார்கள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளை இழந்தோம். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கொட்டகை போனது. கூரை மாறியது போல வழி மாறவில்லை என்பது என் ஆதங்கம். அன்று மாடியில் இருந்தவர்களுக்கு இறங்க இருந்ததும் குறுகலான வழிதான். 2019 மே மாதம் சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இருந்த பயிற்சி மையத்தில் தீ. வழி அடைபட்டு ஜன்னல் வழியே குதித்தவர்களையும் சேர்த்து 22 மாணவர்கள் இறந்தார்கள். ஆகவே பின்பக்கப் படிக்கட்டு முடியும் வரை உங்கள் மாடியில் 60 பேர் ஒரே நேரத்தில் இருக்க வேண்டாம். 25 பேராகப் பிரித்து நேரம் மாற்றச் சொல்லுங்கள். அவருக்கு வருமானம் குறையும் என்றால் அந்த மாதங்களுக்கு வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சுழல் படிக்கட்டு ஏன் வேண்டாம்? பட்டறைக்காரருக்கு அது சுலபம், இடமும் குறைவு, பார்க்கவும் அழகு. விதி அதை அனுமதிப்பது குறைந்த ஆட்கள் புழங்கும் இடத்தில், 9 மீட்டர் உயரத்துக்குள், அதுவும் விட்டம் குறைந்தது 1.5 மீட்டர் இருந்தால். அவர் சொல்லும் நாலரை அடி 1.37 மீட்டர்தான், அந்த முதல் கணக்கிலேயே தேறவில்லை. விட்டத்தைக் கூட்டினாலும் பிள்ளைகள் கூட்டத்துக்கு ஆகாது. நடுத்தூண் பக்கம் படி குறுகி இருக்கும், வெளி விளிம்பில் ஒருவர் மட்டும்தான் கால் ஊன்ற முடியும். உங்கள் அத்தையைத் தூக்கிக்கொண்டு அதில் இறங்க நினைத்துப் பாருங்கள்.

அதற்குப் பதிலாக, வெளிப்புற அவசரப் படிக்கட்டுக்கு விதி தரும் அளவு இது: அகலம் 1.25 மீட்டருக்குக் குறையாமல், ரைசர் 19 செ.மீ.க்கு மிகாமல், கால் வைக்கும் அகலம் 25 செ.மீ.க்குக் குறையாமல். உங்கள் 9 அடி, அதாவது 2.74 மீட்டர் இடத்தில் இரண்டு ஏற்றம் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் 2.5 மீட்டர். நடு இடைவெளியும் சட்டமும் சேர்த்தும் அடங்கிவிடும். தரையிலிருந்து முதல் மாடித் தளம் வரை 12 அடி என்று வைத்துக்கொண்டால் 366 செ.மீ.; 20 ரைசர், ஒவ்வொன்றும் 18.3 செ.மீ. பத்துப் படிக்கு ஒரு திருப்பம். பத்து ரைசருக்கு நடுவில் கால் வைக்கும் படி ஒன்பதுதான், ஒவ்வொன்றும் 25 செ.மீ.; ஆகவே நீளவாக்கில் ஒரு ஏற்றத்துக்கு 2.25 மீட்டர், இரண்டு முனையிலும் 1.25 மீட்டர் தளம், ஆக மொத்தம் 4.75 மீட்டர், பதினாறு அடிக்குள். உங்களிடம் 28 அடி இருக்கிறது. இரண்டாம் மாடிக்கு 10 அடி உயரம் என்றால் 18 ரைசர், ஒவ்வொன்றும் 17 செ.மீ.; அதே இடத்துக்கு மேலேயே போய்விடும்.

பட்டறைக்காரரிடம் சில விஷயங்களைக் கறாராகச் சொல்ல வேண்டும். பழைய செங்கல் சுவரில் போல்ட் அடித்துத் தொங்கவிடக் கூடாது. தனியாக அஸ்திவாரம் போட்டுச் சொந்தத் தூண்களில் நிற்க வேண்டும். அந்த வரைபடத்தில் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கு மேடுபள்ளம் போட்ட செக்கர்டு பிளேட், மழைத் தண்ணீர் தேங்காமல் வழிய வேண்டும். இரண்டு பக்கமும் 1 மீட்டர் உயரக் கைப்பிடி. கம்பிகளுக்கு நடுவே விதி 15 செ.மீ. வரை விடுகிறது, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நான் 10 செ.மீ.க்கு மேல் விடுவதில்லை. கீழே கடையின் கோடவுன் ஜன்னல் இந்தப் படிக்கட்டுக்கு நேராகத் திறந்தால் அதை அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கடையில் தீப்பிடித்த அன்று ஜன்னல் வழியே வரும் ஜுவாலை இரும்புப் படியைத்தான் முதலில் சுடும்.

மாடியிலிருந்து இந்தப் படிக்கட்டுக்குப் போகும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், குறைந்தது 1 மீட்டர் அகலம். உள்ளே ஒரு சின்னப் பிள்ளை கைக்கு எட்டும் தாழ்ப்பாள், அல்லது தள்ளினாலே திறக்கும் கம்பி. வெளிப்பக்கம் பிடியே வேண்டாம், திருடன் பயம் தீர்ந்தது. கதவைத் திறந்ததும் நேராகப் படி ஆரம்பிக்கக் கூடாது, நிற்க ஒரு தளம் இருக்க வேண்டும். டியூஷன்காரர் அந்தக் கதவுக்கு முன்னால் பெஞ்சை அடுக்குவார். அதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த 3 அடிச் சந்து. பின்பக்கம் இறங்கிய பிள்ளைகள் அங்கே அடைபட்டு நின்றால் படிக்கட்டு போட்டதில் பிரயோஜனம் இல்லை. கடைக்காரர்கள் இந்த மாதிரிச் சந்துகளில் அட்டைப்பெட்டி, உடைந்த ரேக் போடாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. தெருமுனையில் கேட் இருந்தால் அதற்கும் உள்ளிருந்து திறக்கும் பூட்டு. அந்தச் சந்துப்பக்கச் சுவரில் கடையின் ஜன்னல் இருந்தால் அதையும் அடையுங்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன் பழைய அனுமதி வரைபடத்தை எடுத்துக்கொண்டு மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குப் போங்கள். பின்பக்கம் விட்டிருக்கும் செட்பேக்கில் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காலியாக விடும் இடம்) படிக்கட்டு வருகிறது என்பதால் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கியாக வேண்டும். முதல் மாடியின் பயன்பாடு மாறியதையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். மறைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு மட்டும் கேட்டால், பின்னால் இரண்டும் சேர்ந்து தலைவலியாகும்.

தம்பியின் லிஃப்டுக்கு வருகிறேன். லிஃப்ட் எந்தக் கணக்கிலும் வெளியேறும் வழி அல்ல. 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே எடுத்தார்கள். கரண்ட் போனால் அது நடுவில் நிற்கும், அதன் கூண்டும் புகையை இழுக்கும். அத்தையின் அன்றாட வசதிக்கு வேண்டுமானால் வையுங்கள், தப்பே இல்லை. மின் ஆய்வாளரிடம் லிஃப்ட் உரிமம் வாங்க வேண்டும். படிக்கட்டுக்குள் திறக்காதபடி இடம் பார்க்க வேண்டும். ஆனால் படிக்கட்டுப் பணத்தை அதில் போட்டுவிடாதீர்கள்.

அத்தைக்கு உடனே செய்ய வேண்டியது வேறு. புதுப் படிக்கட்டு வந்ததும் பின்கதவுக்குப் பக்கத்து அறையை அவருக்குக் கொடுங்கள். கைப்பிடி உள்ள, கனமில்லாத ஒரு நாற்காலியை அங்கேயே வைத்து, வீட்டில் திடகாத்திரமான இரண்டு பேர் அவரை உட்கார வைத்துத் தூக்கி இறக்கிப் பழகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் டியூஷன்காரர் மாதம் ஒருமுறை மணி அடித்து, சில நாள் முன்படி வழியாகவும் சில நாள் பின்படி வழியாகவும் இறக்கிப் பழக்கட்டும். படிக்கட்டில் கரண்ட் போனாலும் எரியும் பேட்டரி விளக்கு, ஒவ்வொரு தளத்திலும் ஒரு புகை அலாரம், கதவுக்கு மேல் பச்சையில் வெளியேறும் வழி என்ற பலகை. இவற்றுக்குப் பெரிய செலவில்லை. தெருப்பக்க ஜன்னல் கிரில்களில் தளத்துக்கு ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி கீல் வைத்து மாற்றுங்கள். தீயணைப்பு ஏணி வந்தாலும் கிரில்லை அறுத்துக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமாகும்.

அடுத்த கடிதத்தில் எனக்கு மூன்று விவரம் வேண்டும்: ஒவ்வொரு ரைசரின் அளவு, கட்டடம் தூண் வைத்துக் கட்டியதா செங்கல் சுவரே தாங்குகிறதா, பின்பக்கச் சுவரில் எந்தத் தளத்தில் எங்கே ஜன்னல் இருக்கிறது என்பது. கைப்படக் கோடு போட்டு அனுப்பினால் போதும். பட்டறைக்காரருக்கு முன்பணம் கொடுப்பதை அதுவரை நிறுத்தி வையுங்கள்.